9 வயசுப் பையனுக்குப் பழைய செஸ் புத்தகம்: படிக்கலாமா, பரணில் போடலாமா?

பெரம்பூர் அம்மா:
திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு பழைய புத்தகக் கடையில் பழைய உலக சாம்பியன் காபபிளாங்கா 1921இல் எழுதிய செஸ் புத்தகம் கிடைத்தது, 80 ரூபாய். பையன் கிளாஸ் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. கோச் "இதெல்லாம் இப்போ எதுக்கும்மா" என்கிறார். உங்கள் கருத்து?

குதிரைக்குட்டி:
கோச் சொல்வதுதான் சரி அக்கா. பழைய பதிப்பு என்றால் மூவ் எல்லாம் பி-கே4 (ராஜா வரிசைச் சிப்பாய் நாலாம் கட்டத்துக்கு) என்று இருக்கும். இன்று பையன் இ4 என்று எழுதும் அதே கட்டம், பழைய முறையில் அவரவர் பக்கத்திலிருந்து எண்ணுவதால் வெள்ளைக்கு கே4, கறுப்புக்கு கே5! ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண். குழந்தை முதல் பக்கத்திலேயே மூடிவிடும். லிசெஸ் என்கிற செஸ் வெப்சைட்டில் பஸில் இலவசம், தப்பு செய்தால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

மயிலாப்பூர் சிப்பாய்:
கதவு எண் பிரச்சினை நிஜம்தான் தம்பி, ஆனால் அது பதிப்பின் குற்றம். இ4 முறையில் அச்சான பதிப்பும் இருக்கிறது. அந்தப் புத்தகம் எதில் தொடங்குகிறது தெரியுமா? ஒரு யானையும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவை எப்படி மேட் செய்வது என்பதில். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டில் பார்த்தேன். பஸில் ரேட்டிங் 1,800 என்று பீற்றிக்கொண்ட பையன், கையில் யானை மிச்சம். செக், செக் என்று துரத்திக்கொண்டே 50 மூவ் ஓட்டி டிரா வாங்கினான். ஒழுங்காக ஓட்டினால் 16 மூவுக்குள் முடிகிற விஷயம். செக் வைக்காதே, ராஜாவின் வழியை வெட்டு, உன் ராஜாவையும் கூட்டி வா. இதைப் பஸில் சொல்லித் தராது.

குதிரைக்குட்டி:
அதற்குப் பத்து நிமிஷ வீடியோ போதும் சார். அப்புறம், அந்தக் காலத்து மாஸ்டர் நிம்சோவிச்சின் 1925 புத்தகத்தையும் இதே வேகத்தில் வாங்கச் சொல்வீர்கள்!

மயிலாப்பூர் சிப்பாய்:
மாட்டேன். அதை நானே இரண்டு முறை பாதியில் விட்டவன். புதுசாகப் படிப்பவனுக்கு அது ஆகாது. பழசு எல்லாம் ஒன்றல்ல. ஓப்பனிங் பகுதியைத் தள்ளிவிடுங்கள், காய்கள் குறைந்த பிறகு வரும் எண்ட்கேம் மட்டும் பலகையில் காய் வைத்துப் பார்க்கட்டும். நம்ம ஊர் குகேஷ் சின்ன வயதில் வெகுநாள் எஞ்ஜின் (செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம்) இல்லாமல்தானே வளர்ந்தார்?

குதிரைக்குட்டி:
பக்கத்திலேயே ஒரு கிராண்ட்மாஸ்டர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார் சார். பெரம்பூரில் அந்த வசதி எல்லா வீட்டிலுமா இருக்கிறது?

மயிலாப்பூர் சிப்பாய்:
இல்லாத வீட்டுக்குத்தான் புத்தகம்.

பெரம்பூர் அம்மா:
நேற்று ராத்திரி அப்பாவும் பையனும் அந்த யானை மேட்டை வைத்துப் பார்த்தார்கள். மொபைலைக் கேட்கவே இல்லை. ராஜாவை மூலைவரை ஓட்டிவிட்டு, கடைசி மூவில் ஸ்டேல்மேட்: செக் இல்லை, ராஜா நகர இடமும் இல்லை, டிரா. இன்றைக்குச் சாப்பிடும் முன்பே பலகையை விரித்துவிட்டான். கே4, கே5 சண்டை மட்டும் தீரவில்லை. குதிரைக்குட்டி தம்பி, அந்த வீடியோ லிங்கையும் கொடுங்கள்.