ஸ்டாருக்கு மூங்கி யாரு வாங்குறா? (நம்ம தெரு குரூப்)

ரெஜினா அக்கா: எல்லாருக்கும் வணக்கம். சவேரியார் கோயில் திருவிழா முடிஞ்சாச்சு, இனி கிறிஸ்துமஸுக்கு நம்ம தெரு ஸ்டார், குடில் வேலைய பாக்கணும்லா. கைல இருக்க பைசா சொல்லிடுதேன், போன வருச மிச்சம் 340, இந்த வருசம் வீட்டுக்கு 100 வச்சு 14 வீடு 1400, ஆக மொத்தம் 1740. இதுக்குள்ள முடிக்கணும், எனக்கு திரும்ப வீடு வீடா ஏற முடியாது பாத்துக்கிடுங்க

ஜெபின்: அக்கா பேசாம ரெடிமேட் எல்இடி ஸ்டார் வாங்கிருவோம். கோட்டார்ல 850க்கு பாத்தேன், கலர் கலரா மாறும், ரிமோட்டும் உண்டு

தங்கப்பன் மாமா: ரிமோட்டு எதுக்கு மக்கா, ஸ்டாருக்கு சேனல் மாத்தவா

ஜெபின்: 😂 மாமா

ரெஜினா அக்கா: 850 போனா மிச்சம் 890. குடிலுக்கு, லைட்டுக்கு, பிள்ளையளுக்கு கேக்குக்கு என்ன செய்ய. அது ஒரு மழைக்கு போச்சுன்னா அடுத்த வருசம் திரும்ப 850

மேரி பாட்டி: மூங்கி வாங்குங்கோ நான் சொல்லி தாரேன் எங்க அப்பா கட்டுவாவ வீட்டுல அப்ப பல்பு ஏது மண்ணெண்ண விளக்குல்லா உள்ள வைப்பாவ காத்து அடிச்சா பேப்பர் புடிச்சிரும்னு ஒரு ஆளு ராத்திரி முழுக்க முழிச்சு இருக்கணும்

லதா டீச்சர்: பாட்டி எத்தன அடி மூங்கி வேணும்?

மேரி பாட்டி: அது இவனுக்கு தெரியும் தங்கப்பனுக்கு

தங்கப்பன் மாமா: 20 அடி மூங்கி ஒண்ணு போதும். நாலா பொளந்தா 80 அடி குச்சி கிட்டும். வாசல்ல வைக்க 4 அடி ஸ்டாருக்கு நீள குச்சி 10, அதாவது 40 அடி. ரெண்டு அஞ்சுமுனை சட்டம் தனித்தனியா கட்டி, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அஞ்சு முனையையும் சேத்து கட்டணும், அப்பறம் உள்ள குச்சி குறுக்க போற அஞ்சு இடத்துலயும் ஒரு ஜாண் குச்சிய நிறுத்துனா நடுவுல பொம்முன்னு எந்திரிச்சு வரும். மிச்சத்துல குடிலுக்கு மேல வைக்க 3 அடில இன்னொண்ணு கட்டிரலாம், ஜாண் குச்சிக்கும் துண்டு கிடைக்கும். முனைய ஆணி அடிக்கப்பிடாது, மூங்கி கீறிரும், நூலு இல்லன்னா கட்டு கம்பி

செல்வி அக்கா: பிள்ளையளுக்கு மூங்கி வேண்டாம் கைய கிழிச்சிரும், அதுகளுக்கு ஈர்க்குல சின்ன ஸ்டாரு செய்ய குடுப்போம். எங்க வீட்டு தென்னைல ஓலை விழுந்து கிடக்கு, ஈர்க்கு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க

ஷாகுல் அண்ணன்: கடைல வெட்டு துணி ரெண்டு சாக்கு கெடக்கு, ஜரிகை துண்டு, லேஸ் எல்லாம் உண்டு. தோரணத்துக்கு ஆவும்னா தூக்கிட்டு போங்க, குப்பைக்கு போறதுதான். முக்கோணமா வெட்டி ஒரே கயித்துல அடிச்சும் தாரேன், மிசின் ஓடும்போது பத்து நிமிச வேலை

ரெஜினா அக்கா: அண்ணே கொள்ளாம்!! தோரண செலவு போச்சு 🙏

லதா டீச்சர்: ஸ்டாருக்கு பேப்பர் எவ்வளவு வரும்? கைட் பேப்பர்தான?

தங்கப்பன் மாமா: ஒரு ஸ்டாருக்கு முக்கோணம் 20, அஞ்சுகோணம் 2. முன்னால முனை அஞ்சு, பின்னால அஞ்சு, பக்கவாட்டுல ஒல்லியா பத்து. பின்னால உள்ள அஞ்சுகோணத்த மட்டும் மூணு பக்கம் ஒட்டாம விட்டுரணும், கதவு மாதிரி, அது வழியாதான் பல்பு போடணும். போன வாட்டி ஒரு அறிவாளி எல்லாத்தையும் ஒட்டிட்டு பல்பு எங்கன்னு கேட்டான்

ஜெபின்: மாமா அது யாருன்னு சொல்லிராதீங்க 🙈

மேரி பாட்டி: மைதா பசை காச்சுங்கோ ஒரு கப்பு மாவுக்கு அஞ்சு கப்பு தண்ணி கட்டி வராம கிண்டணும் கொஞ்சம் மயில்துத்தம் போட்டா பூச்சி அரிக்காது

லதா டீச்சர்: பாட்டி மயில்துத்தம் வேண்டாம், அது விசம், சின்ன பிள்ளைங்க கைய வாயில வைக்கும். ஜனவரி ஆறாம் தேதி மூணு ராஜாக்கள் திருநாள் முடிஞ்சதும் கழத்திருவோம், அதுக்குள்ள எந்த பூச்சி வந்து தின்னப்போவுது

மேரி பாட்டி: சரி டீச்சரு சொன்னா சரிதான்

ஜெபின்: ஆனா மழை? கைட் பேப்பர் ஒரு தூறலுக்கு கரைஞ்சு சட்டம் மட்டும் நிக்கும், டிசம்பர்ல நம்ம ஊர்ல மழ இல்லாம இருக்குமா, அதுக்குதான் ரெடிமேட் சொன்னேன், பிளாஸ்டிக்கு

ஷாகுல் அண்ணன்: வாசல் ஸ்டாருக்கு பேப்பர் போடாத தம்பி, துணி போடு. பழைய நைலக்ஸ் சேலை, ஜார்ஜெட் துப்பட்டா இதுல வெளிச்சம் நல்லா தெரியும், நனைஞ்சாலும் காய்ஞ்சிரும், அடுத்த வருசத்துக்கும் ஆவும். குச்சில சுத்தி கை தையல் போட்டா போதும். பேப்பர் ஸ்டார குடிலுக்கு மேல, சன்ஷேடுக்கு அடில மாட்டிக்க

ரெஜினா அக்கா: சேலை யாரு குடுப்பா

மேரி பாட்டி: என்ட்ட ரோஸ் கலர் நைலக்ஸ் ஒண்ணு உண்டு எங்க கொழுந்தன் கல்யாணத்துக்கு எடுத்தது பெட்டில சும்மா கெடக்கு

செல்வி அக்கா: அய்யோ பாட்டி அத வெட்டாதீங்க

மேரி பாட்டி: நான் இனி அத உடுத்திட்டு எந்த கல்யாணத்துக்கு போவ தெருவுல எரியட்டும்

லதா டீச்சர்: எரியட்டும்னு சொல்லாதீங்க பாட்டி, மாமா பயந்துருவாரு 😄

தங்கப்பன் மாமா: நானே சொல்ல வந்தேன். துணியோ பேப்பரோ, உள்ள குண்டு பல்பு போடவே கூடாது, அந்த சூட்டுல கருகிரும். 9 வாட் எல்இடி, துணில முட்டாம நடுவுல தொங்கணும், ஹோல்டர் வாய் கீழ பாத்து இருக்கணும், அப்பதான் தண்ணி எறங்காது. வயர்ல நடுவுல முறிச்சு முறுக்கி டேப் சுத்துறது வேண்டாம், ஒரே துண்டா வாங்குங்க. மத்த எல்லாத்துலயும் மிச்சம் புடிங்க, வயர்லயும் ஹோல்டர்லயும் புடிக்காதீங்க, கம்பெனி சாதனம் வாங்குங்க. நான் முப்பது வருசம் கரண்டு கம்பி பாத்தவன்

ஜெபின்: கரண்டு எங்க இருந்து மாமா? தெருவிளக்கு போஸ்ட்ல இருந்து ஒரு கொக்கி..

தங்கப்பன் மாமா: லேய்!! அது களவு, கேஸு வரும். உயிரும் போவும். யாரு வீட்டுல இருந்தாவது ட்ரிப் ஆவுற சுவிட்ச் உள்ள லைன்ல எடு

ரெஜினா அக்கா: போன வருசம் கரண்டு பில்லு யாரு கட்டுறதுன்னு சண்டை வந்துச்சுல்லா

தங்கப்பன் மாமா: 9 வாட்டு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், 20 நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல கொஞ்சம்தான் வரும். இதுக்கா சண்டை. என் வீட்டுல இருந்து எடுத்துக்கிடுங்க

ரெஜினா அக்கா: நன்றி மாமா ❤️ இனி குடில். பொம்மைல ஒட்டகத்துக்கு கால் ஒடிஞ்சு கெடக்கு, ஒரு ஆட்டுக்கு தலையே இல்ல. புது செட்டு விலை கேட்டேன் 2500 சொல்லுகான்

லதா டீச்சர்: புதுசு வேண்டாம். அசிசி பிரான்சிஸ் 1223ல இத்தாலில கிரேச்சோங்கற ஊர்ல முத குடில் வச்சாரே அதுல பொம்ம செட்டா இருந்துச்சு? வைக்கோல் போட்ட தீவன தொட்டி, உசுரோட ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். ஒட்டகத்துக்கு எம்சீல் வச்சு ஒட்டி பெயிண்ட் அடிப்போம், தலை போன ஆட்ட வைக்கோலுக்கு பின்னால திருப்பி வச்சா மேயுத மாதிரி இருக்கும்

ஜெபின்: டீச்சர் செம ஐடியா 🐑

செல்வி அக்கா: உசுரோட மாடுன்னா எங்க பெரியம்மா வீட்டு பசு வரும், ஆனா குடில தின்னுரும் 😂 வைக்கோல் மட்டும் வாங்கி தாரேன்

ரெஜினா அக்கா: குடிலுக்கு மலை செய்ய சிமெண்ட் பேப்பர் சாக்கு இப்ப கிடைக்க மாட்டேங்குது, எல்லாம் பிளாஸ்டிக்கு

லதா டீச்சர்: பார்சல் வந்த அட்டைப்பெட்டி எல்லார் வீட்டுலயும் இருக்குமே. அது மேல காக்கி பேப்பர கசக்கி ஒட்டி, அடுப்புகரி பொடிய பசைல குழைச்சு அங்கங்க தேச்சா பாறை மாதிரியே இருக்கும். மரஅறுவை மில்லுல பொடி சும்மாவே தருவாங்க, அத பாதிக்கு பச்ச சாயம் போட்டு பாதி அப்படியே வச்சா வழியும் தரையும் ஆச்சு

ஜெபின்: பனிக்கு பஞ்சு?

மேரி பாட்டி: நாகர்கோவில்ல என்னைக்கு பனி பெஞ்சுது போட்டும் பிள்ளையளுக்கு இஷ்டம்னா

செல்வி அக்கா: பச்ச புல்லு நான் பாத்துக்கிடுகேன். கேப்பை பதினாலாம் தேதி விதைச்சாதான் 24ம் தேதி ராத்திரிக்கு ரெண்டு இஞ்சு வளந்து நிக்கும், அவசரம்னா கடுகும் வெந்தயமும் ஒரு வாரத்துல வரும் ஆனா கேப்பைதான் அடர்த்தி. போன வருசம் ஜெனிட்டா அத கட்டிலுக்கு அடில வச்சுட்டா, மஞ்சளா வந்துச்சு. அம்மன் கோயில் முளைப்பாரிக்குதான் இருட்டுல வச்சு மஞ்சளா எடுப்போம், குடிலுக்கு பச்ச வேணும்னா மொளச்ச ரெண்டாம் நாளே வெயில் காட்டணும், தண்ணி தெளிக்கணும் ஊத்தப்பிடாது

ரெஜினா அக்கா: சரி அப்போ சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு எங்க வீட்டு போர்ட்டிகோல. மூங்கி வாங்க ஜெபின், வடசேரில கேளு, பச்ச மூங்கியா பாத்து எடு, காஞ்சது வளைஞ்சு குடுக்காது. பொளக்குறது மாமா. பசை பாட்டி. சேலைய நான் வந்து வாங்கிக்கிடுகேன்

ஜெபின்: 20 அடி மூங்கிய நான் எப்படி பைக்குல கொண்டு வர 😭

ஷாகுல் அண்ணன்: கடைல வச்சே அஞ்சு அஞ்சு அடியா வெட்ட சொல்லாத டே, 4 அடி குச்சிக்கு ஒரு அடி வீணாகும். எட்டடி, பன்னெண்டடின்னு ரெண்டா வெட்டு, என் சாமான் ஆட்டோ வரும் அதுல போட்டுக்க

தங்கப்பன் மாமா: சரியா சொன்னீரு

லதா டீச்சர்: குழந்தை ஏசுவ மட்டும் யாரும் முன்னாலயே எடுத்து வச்சிராதீங்க, 24 ராத்திரி பூச முடிஞ்சு வந்துதான். அது யாருட்ட இருக்கு?

ரெஜினா அக்கா: என் அலமாரில துணில சுத்தி இருக்கு. டீ நான் போடுகேன், கடி என்ன வேணும்னு இப்பவே சொல்லுங்க, பழம்பொரியா உள்ளிவடையா

ஜெபின்: பழம்பொரி

ஷாகுல் அண்ணன்: உள்ளிவடை

மேரி பாட்டி: எனக்கு சுகர் உண்டு உள்ளி வடை போதும்

செல்வி அக்கா: நான் இப்ப சந்தைலதான் நிக்கேன், கேப்பை அரை கிலோ எடுத்தாச்சு, ரெஜினா கணக்குல எழுதிக்க. பேப்பர் கடைல வெள்ளையும் செவப்பும்தான் இருக்கு, எது வேணும்னு எவராவது சீக்கிரம் சொல்லுங்க கடைய அடைக்கப்போறாங்க