அப்பா அணைத்துவிடும் கணினிக்கு ஒரு பேக்கப்

புதிதாக வெளிநாடு வந்தவர்கள் வங்கிக் கணக்கு, வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். பெற்றோர் வீட்டில் விட்டுவந்த கணினியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் யோசித்ததில்லை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வரும் வரை.

எங்கள் வீடு சென்னை வியாசர்பாடியில், தரைத்தளம். முழங்கால் அளவு தண்ணீரில் மேசைக்கு அடியில் இருந்த கணினி மூழ்கிவிட்டது. "பேக்கப் இருக்கிறதே, கவலைப்படாதீர்கள்" என்று வீடியோ அழைப்பில் பெரிய மனிதன் போல் சொன்னேன். அப்பா அதே மேசையின் கடைசி இழுப்பறையிலிருந்து ஹார்டு டிஸ்கை எடுத்துக் காட்டினார். கேபிள் செருகும் துளையிலிருந்து சாக்கடைத் தண்ணீர் சொட்டியது. சான்றிதழ்களை மறுபடி ஸ்கேன் செய்துகொண்டோம். பாட்டியின் குரல் பதிவுக்கு எங்கே போவது?

ஆகவே ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு இடத்தில். வேறு இடம் என்றால் பீரோவின் மேல்தட்டு அல்ல.

வீட்டுப் பிரதிக்காக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, மேக்கில் டைம் மெஷின். டிஸ்கைச் செருகி ஒருமுறை இயக்கிவிட்டால் மணிக்கொரு தரம் மாறிய கோப்புகளைத் தானாகவே நகலெடுக்கும். ஒரு பொறி உண்டு: ஃபைல் ஹிஸ்டரி டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான ஃபோல்டர்களைத்தான் பார்க்கும். நம் வீடுகளிலோ எல்லாம் 'டி' டிரைவில்தான் கிடக்கும். அந்த ஃபோல்டர்களை லைப்ரரியில், அதாவது விண்டோஸ் ஃபோல்டர்களைத் தொகுத்து வைக்கும் பட்டியலில், சேர்த்தாக வேண்டும்.

இரவு 2 மணிக்கு ஓடும்படி எதையும் அமைக்காதீர்கள். புதுக் கணினியில் நான் அப்படித்தான் செய்தேன். ஏழு வாரம் ஒருநாள்கூட ஓடவில்லை. அப்பா படுக்கும்முன் சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுகிறார்.

வெளிப் பிரதிக்கு கூகுள் டிரைவ் போதாதா என்பீர்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் ஜிமெயிலும் படங்களும் பங்கு கேட்கும். அதைவிட, அது கணினியோடு ஒத்திசைந்தே இருக்கும்: அம்மா தெரியாமல் இங்கே அழித்தது அங்கேயும் அழியும், 30 நாளில் குப்பைத்தொட்டியும் காலியாகிவிடும். பேக்பிளேஸ் போன்ற பேக்கப் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது என் தேர்வு. அழித்த கோப்பின் பழைய பிரதிகளையும் அது குறிப்பிட்ட காலம் வரை வைத்திருக்கும்; எவ்வளவு காலம் என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை மட்டும் பொறுமை வேண்டும். அப்லோடு வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபி ஏற 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும்; தினம் 3 மணி நேரம் மட்டும் ஓடும் கணினிக்கு அது ஒரு வாரம்.

சந்தாவை உங்கள் பெயரில் எடுங்கள், ஆனால் கணக்கை இந்திய சிம்முடன் மட்டும் பிணைக்காதீர்கள். ரீசார்ஜ் செய்ய மறந்து எண் போய்விட்டால் ஓடிபி வராது. ஓடிபி இல்லாமலே கணக்கில் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

மாதம் ஒரு கோப்பையாவது மீட்டுப் பாருங்கள். போன ஞாயிறு அப்பாவை ஒரு படத்தை எடுக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அனுப்பினார், விமான நிலையத்தில் நான் பெட்டிகளோடு நிற்கும் படம். "வந்துவிட்டது தம்பி. ஆனால் இதில் நீ கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாய்" என்றார்.