ஃபிராங்க்ஃபுர்ட் ரயில் நிலையத்தில் வழி கேட்க எந்த ஜெர்மன் வாக்கியங்கள் போதும்?

கேள்வி (சேலம், சூரமங்கலத்திலிருந்து)

வணக்கம். சேகோ ஆலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற நான், லைப்ஸிக் நகரில் செவிலியராகப் பணிபுரியும் மகளைப் பார்க்க அடுத்த மாதம் தனியாகப் புறப்படுகிறேன். ஃபிராங்க்ஃபுர்ட் விமான நிலையத்திலிருந்து எஸ்-பான் என்னும் புறநகர் ரயிலில் நகரின் முதன்மை நிலையத்துக்குச் சென்று, அங்கே லைப்ஸிக் வண்டிக்கு மாற வேண்டும். இரண்டு மாதமாகக் கைபேசியில் பயின்றதில் கேள்விகளைத் தடுமாறாமல் கேட்டுவிடுகிறேன். ஆனால், மகள் தொலைபேசியில் நிலைய ஊழியரைப்போல் நடித்து விடை சொன்னபோது ஒரு சொல்லும் பிடிபடவில்லை. விடையைப் புரிந்துகொள்ள ஏதேனும் வழி உண்டா?

பதில் (அஸ்தம்பட்டியிலிருந்து)

ஐயா, ஃபிராங்க்ஃபுர்ட்டில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். "லைப்ஸிக் வண்டிக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால் அவர்கள் மூச்சுவிடாமல் நாலு வரி சொல்வார்கள். ஆம், இல்லை, அல்லது ஓர் எண், இவற்றுள் ஒன்றே விடையாக வரும்படி கேளுங்கள். வண்டியின் வாசலில் நின்று "ஃபேர்ட் டீஸர் ட்ஸூக் நாஹ் லைப்ட்ஸிஹ்?" (இந்த வண்டி லைப்ஸிக் போகுமா?) என்றால் "யா" அல்லது "நைன்" என்பதோடு முடிந்துவிடும். "நாஹ்" என்பதன் கடைசி ஒலி, எஃகு என்பதில் வரும் ஆய்தத்துக்கு நெருக்கமானது. உருக்காலை உள்ள ஊர்க்காரருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்தத் தடம் என்று அறிய "வெல்ஹெஸ் க்ளைஸ்?" என்ற இரண்டு சொற்களே போதும். அங்கே ஒரு நடைமேடையின் இருபுறமும் வெவ்வேறு எண் கொண்ட தடங்கள் இருப்பதால், பலகையிலும் அறிவிப்பிலும் "க்ளைஸ்" என்னும் தடத்தின் எண்ணையே சொல்கிறார்கள். சிக்கல் எண்ணில்தான் இருக்கிறது. 21 என்பதை அவர்கள் "ஐனுண்ட்ஸ்வான்ஸிஹ்", அதாவது "ஒன்றும் இருபதும்" என்று தலைகீழாகச் சொல்வார்கள். முதலில் காதில் விழும் ஒன்றை எழுதிவிட்டு இரண்டை எழுதினால் 12 ஆகிவிடும்; நான் முதல் மாதத்தில் இப்படி ஓடியிருக்கிறேன். இன்னொரு பொறி: ஒன்பதுக்கு அவர்கள் சொல் "நொயின்". நாம் பழக்கத்தில் ஆங்கிலத்தில் "நைன்" என்றால் அது அவர்கள் காதில் "இல்லை" என்று விழும். ஐயம் இருந்தால் குறிப்பேட்டை நீட்டி "பிட்டே ஆவுஃப்ஷ்ரைபன்" (தயவுசெய்து எழுதுங்கள்) என்று கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நம் ஊரில் ஜங்ஷனா, டவுனா, மார்க்கெட்டா என்று கேட்பதுபோல, அந்த விமான நிலையத்திலும் தொலைதூர வண்டிகளுக்கு ஒன்று, வட்டார வண்டிகளுக்கு ஒன்று என இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. எஸ்-பான் வட்டார நிலையத்திலிருந்து, அதாவது "ரெகியோனால்பான்ஹோஃப்" என்பதிலிருந்து கிளம்பும். முதன்மை நிலையத்தில் அது 101 முதல் 104 வரையுள்ள நிலத்தடித் தடங்களுக்கு வந்து சேரும். தொலைதூர வண்டிகள் மேலே நிற்பவை. ஆகவே "ஓபன்" (மேலே), "உண்டன்" (கீழே) என்னும் இரண்டு சொற்கள் உங்களுக்கு இடது, வலதைவிட முக்கியம். எல்லாவற்றுக்கும் முன்னால் "எண்ட்ஷுல்டிகுங்" (மன்னிக்கவும்) என்று தொடங்குங்கள். அது இல்லாமல் கேட்டால் அவர்களுக்கு அதட்டுவதுபோல் இருக்கும்.

பதில் (ஏற்காட்டிலிருந்து)

நேரத்தைக் குறித்தும் ஒரு சொல். இங்கே சிறு விடுதி நடத்துகிறேன். ஜெர்மன் விருந்தினர் ஒருவர் "ஹால்ப் ஆஹ்ட்" மணிக்கு ஜீப் வேண்டும் என்றார். "ஆஹ்ட்" என்றால் எட்டு, "ஹால்ப்" என்றால் அரை என்ற அளவில் கற்றிருந்த நான் எட்டரைக்கு அனுப்பினேன். அவர் பனியில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அவர்கள் கணக்கில் அது எட்டை நோக்கிய அரை, அதாவது நம் ஏழரை. ரயில் பலகைகளில் 24 மணிக் கணக்கு இருப்பதால் அங்கே குழப்பமில்லை. வாய்மொழியாகக் கேட்கும்போதுதான் ஏமாறுவோம்.

பதில் (ஆத்தூரிலிருந்து)

இவ்வளவு பாடு தேவையா? ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலியிலேயே தட எண் வந்துவிடுகிறது. பெரிய நிலையங்களின் தகவல் மேசையில் ஆங்கிலமும் பேசுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்

ஆத்தூர் நண்பர் சொன்ன செயலியை மகள் ஏற்கெனவே நிறுவித் தந்திருக்கிறாள். கடைசி நேரத்தில் தடம் மாறினால் பலகையையோ அருகில் நிற்பவரையோதான் நம்ப வேண்டியிருக்கும் என்று அவளே சொல்கிறாள். நேற்றிரவு அவள் பத்து எண்களை வேகமாகச் சொல்ல, நான் கணக்கேட்டில் ஒன்றாம் இடத்தை முதலில் எழுதி, பத்தாம் இடத்தை அதன் இடப்புறம் எழுதும் முறையில் எட்டைச் சரியாக எழுதினேன். தவறிய இரண்டும் "ஸ்வை", "ட்ரை" ஆகிய இரண்டு, மூன்றைக் குழப்பிக்கொண்டதால் வந்தவை. இதற்கு ஏதேனும் உபாயம் உண்டா, அஸ்தம்பட்டி நண்பரே?

பதில் (அஸ்தம்பட்டியிலிருந்து)

அவர்களுக்கே அந்தக் குழப்பம் உண்டு, ஐயா. அதனால்தான் தொலைபேசியில் பேசும்போது இரண்டை "ஸ்வோ" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. நீங்களும் விரல்களைக் காட்டி "ஸ்வோ?" என்று திருப்பிக் கேளுங்கள். விரல் காட்டும்போது கட்டை விரலிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் ஒன்றைக் கட்டை விரலால்தான் எண்ணுவார்கள்.