ஆமை முட்டைகளை இட்ட இடத்திலேயே விட்டுக் காக்க முடியாதா?

நீலாங்கரைவாசி:
விடியற்காலையில் கடலிலிருந்து ஏறி மீண்டும் கடலுக்கே இறங்கிய ஆமைத் தடத்தைப் பார்த்தேன். முட்டைகளைத் தன்னார்வலர்கள் இரவே பொரிப்பகத்துக்கு (முட்டைகளை மணலில் புதைத்துப் பொரியும்வரை காக்கும் இடம்) எடுத்துச் சென்றுவிட்டார்களாம். தாய் தேர்ந்தெடுத்த இடத்தைவிட நாம் தேர்ந்தெடுக்கும் இடம் எப்படி மேலானது? சுற்றிலும் கம்பிவலை அடித்து, அறிவிப்புப் பலகை வைத்தால் போதாதா? காவலுக்கு ஆள் போட எங்கள் குடியிருப்பு தயார்.

இரவுநடை:
காவலுக்கு முன்வந்ததற்கு நன்றி. ஆனால் பலகை வைப்பது, எங்கே தோண்டலாம் என்று நாமே ஊருக்குச் சொல்வது போல. நாய்களுக்கோ பலகையும் தேவையில்லை. குஞ்சு பொரிய ஏறத்தாழ 45 நாட்களுக்கு மேல் ஆகும். அத்தனை இரவும் காவலாளி கண்விழித்திருப்பார் என்று நான் நம்பவில்லை!

அப்படியே தப்பினாலும் வெளிச்சம் இருக்கிறது. குஞ்சுகள் இரவில் வெளியே வந்து வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். இருட்டுக் கரையில் அது கடல். இங்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரிப்பது அதனால்தான். ஒடிசாவின் ருசிகுல்யா கரையில் ஆயிரக்கணக்கான ஆமைகள் ஒன்றாக ஏறி இடும் முட்டைகளை இப்படி அள்ளிச் செல்வதில்லை.

ஒன்று முக்கியம்: முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பிறகு கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அப்போது புரட்டினால் செத்துவிடும். எனவே காலையில் தடம் கண்டால் தோண்டாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

குப்பத்துக்காரன்:
நாங்கள் இதைப் பங்குனி ஆமை என்போம். முட்டையைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். 2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவை முட்டையிட வந்த ஆமைகள். இழுவைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் வரக்கூடாது என்பது சட்டம். வலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. அதையும் யாராவது கேளுங்கள்.

நீலாங்கரைவாசி:
பொரிப்பகத்தில் மணல் சூடேறினால் எல்லாம் பெண்ணாகிவிடும் என்கிறார்களே?

இரவுநடை:
குப்பத்து அண்ணன் சொன்னதை மறுக்க மாட்டேன். பொரிப்பகம் கடலுக்குள் நடப்பதைத் தடுக்காது.

சூட்டைப் பற்றிய கேள்வி நியாயமானது. மணல் ஏறத்தாழ 29 டிகிரியில் இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் போனால் பெண் கூடும். நிழல்வலை கட்டிச் சமாளிக்கலாம். வெயில் திறந்த கரையையும் விட்டுவைப்பதில்லை.

சரி, உங்கள் குடியிருப்பின் கடற்பக்கச் சுவர் விளக்குகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன?

நீலாங்கரைவாசி:
நேராகக் கடற்கரையை. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் பேசுகிறேன். அணைத்தால் திருடன் வருவான் என்பார்கள்.

இரவுநடை:
அணைக்கச் சொல்ல வேண்டாம். தாழ்வாக இறக்கி, மேலே மறைப்புப் போட்டு, வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சள் பல்பு மாட்டச் சொல்லுங்கள். ஜனவரி முதல் மே வரை போதும்.