ராபன்: மனதை விட்டு அகலாத அந்த ஒரு ஆட்டம்

(பேயர்ன் மியூனிக் கிளப்புக்கும் நெதர்லாந்துக்கும் ஆடிய கால்பந்து வீரர் ஆர்யன் ராபனைப் பற்றி ரசிகர்கள் எழுதியவை. ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

ஈசார்க்கரை

2012 மே 22, மியூனிக். மூன்று நாள் முன்புதான் அதே மைதானத்தில், ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை எங்கள் பேயர்ன் அணி செல்சியிடம் இழந்திருந்தது. கூடுதல் நேரத்தில் ராபன் அடித்த பெனால்டியைச் செல்சி கோல்காப்பாளர் செக் பிடித்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று பேயர்னுக்கும் நெதர்லாந்துக்கும் நட்பு ஆட்டம். 2010 உலகக் கோப்பையிலிருந்து ராபன் காயத்தோடு திரும்பி, பேயர்னுக்குப் பல மாதம் ஆட முடியாமல் போனதற்கு ஈடாக ஏற்பாடானது.

நெதர்லாந்தின் ஆரஞ்சுச் சட்டையில் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் மைதானம் விசிலடித்தது. நம் ஊரில் விசில் கொண்டாட்டம். ஜெர்மனியில் அது வசை. தெரிந்தேதான் நானும் அடித்தேன். இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்து, ஊர்த் தியேட்டரில் பழகிய விசில். முன்வரிசையில் ஒரு சிறுவன், எட்டு வயதிருக்கும். முதுகில் ராபன் பெயரும் 10-ம் எண்ணும். திரும்பி என் விரல்களையே பார்த்தான். பிறகு அப்பாவின் கோட்டை வாங்கி அந்தச் சட்டையின் மேல் போட்டுக் கழுத்துவரை பொத்தானை மாட்டிக்கொண்டான்.

அடுத்த ஆண்டு லண்டன் வெம்ப்ளியில் டார்ட்மண்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், 89-வது நிமிடம். சக வீரர் ரிபெரி குதிகாலால் விட்ட பந்தை ராபன் மெதுவாகக் கோலுக்குள் உருட்டிவிட்டார். வீட்டில் எல்லாரும் கத்தினார்கள். என் விரல் வாய்வரை போனது. விசிலடிக்க மனம் வரவில்லை.

நள்ளிரவு ஆரஞ்சு

ஈசார்க்கரை அவர்களே, ஒரு பெனால்டிக்காக மட்டும் அந்தக் கோபம் வரவில்லை. அதே 2012 ஏப்ரலில் டார்ட்மண்டிலும் அவர் பெனால்டியைத் தவறவிட்டார், ஜெர்மன் லீக்கும் போனது. அன்று தடுத்த டார்ட்மண்ட் கோல்காப்பாளர் வைடன்ஃபெல்லரைத் தாண்டித்தான் வெம்ப்ளியில் அந்தக் கோல் போனது. இதை விட்டுவிட்டுக் கதை சொல்லக் கூடாது.

என் நாள் 2010 ஜூலை 11, உலகக் கோப்பை இறுதியாட்டம். திருச்சி விடுதி, நள்ளிரவு ஆட்டம். அறுபது பேரும் ஸ்பெயின் பக்கம், நான் ஒருவன் ஆரஞ்சு, அதாவது நெதர்லாந்து. 62-வது நிமிடம், ராபனுக்குச் சக வீரர் ஸ்னைடரின் பாஸ், எதிரே ஸ்பெயின் கோல்காப்பாளர் கசியாஸ் மட்டும். நான் எழுந்து நின்றுவிட்டேன். கசியாஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார், நீட்டிய கால் மட்டும் பின்னால் கிடந்தது. பந்து அதில் பட்டு வெளியே போனது. அறுபது பேர் கத்தலுக்கு நடுவே எப்படி உட்கார்ந்தேன் என்று இன்றும் நினைவில்லை. தொடைக் காயத்தால் முதல் இரண்டு ஆட்டங்களை விட்டுவிட்டு வந்து அணியை அதுவரை இழுத்துவந்தவரை "அந்த வாய்ப்பை விட்டவர்" என்று இன்னும் சொல்கிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

வலது ஓரம்

நான் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். ஒரு பையன், இடதுகாலன். வலது ஓரத்தில் நிறுத்தினால் ராபனைப் போலவே ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து இடதுகாலால் கோலை நோக்கி அடிப்பான். "ஓரமாகப் போய் கிராஸ் போடு" என்று திட்டித் திட்டி மாற்றினேன். மறு ஆண்டு அவன் வரவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் தம்பிகளே, ராபனைப் பார்த்து வெட்டுவதை மட்டும் பழகாதீர்கள். எல்லா டிஃபென்டருக்கும் அவர் எங்கே போவார் என்று தெரியும். எப்போது என்றுதான் தெரியாது. ஓட்டத்தில் இரண்டு மூன்று சிறிய தொடுதல்கள், டிஃபென்டரின் எடை தவறான காலில் விழும் நொடி, அப்போதுதான் வெட்டு. எப்போதாவது வெளிப்பக்கமும் போக வேண்டும். இல்லையென்றால் உள்வழி அடைபட்டுவிடும். தடுப்பவர்களே, இப்படி வெட்டும் இடதுகாலரை வலதுகாலுக்குத் தள்ளுங்கள், உள்ளே இன்னொருவர் நிற்கட்டும். முக்கியமாக, வேகமாக ஓடுபவர்களுக்குத் தொடையின் பின்தசைதான் முதலில் பிய்யும். அவருக்கும் திரும்பத் திரும்பப் பிய்ந்தது. அதைப் பலப்படுத்த, மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாயுங்கள். குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி வாரம் இருமுறை. முதல் வாரம் வலிக்கும், விட்டுவிடாதீர்கள். வலி குத்தலாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள், எண்ணெய் தேய்த்துவிட்டு ஆட வராதீர்கள்.

வடக்குச் சைக்கிள்

பயிற்சியாளர் ஐயா, அந்தப் பையனைத் தேடிப் பாருங்கள். கேட்காமல் சொல்கிறேன், மன்னிக்கவும்.

நான் நெதர்லாந்தின் வடக்கிலுள்ள குரோனிங்கனில் படித்தேன். 2019-ல் ஓய்வு பெற்ற ராபன், தொற்றுக்காலத்தில் தன் முதல் கிளப்பான குரோனிங்கனுக்கு உதவ 2020-ல் திரும்பி வந்தார். முதல் லீக் ஆட்டத்திலேயே அரை மணி நேரத்தில் காயம். ஊரே ஒருவாறு மனதைத் தேற்றிக்கொண்டது. 2021 மே 9, எம்மன் அணிக்கு எதிராகத் தொடக்கத்திலிருந்தே இறங்கினார். 37 வயது. மைதானத்துக்குள் பார்வையாளர்களை விடவில்லை. வீட்டுக்காரப் பாட்டி கால்பந்தே பார்க்காதவர்; அன்று தன் டிவியின் முன் எனக்கும் நாற்காலி போட்டார். குரோனிங்கனுக்கு 4-0 வெற்றி, இரண்டு கோல்களுக்கு ராபன் கொடுத்த பந்து. ஆட்டம் முடிந்த பேட்டியில் அவர் கண் கலங்கியது. பாட்டி, "பேதுமில் பிறந்த பையன்" என்றார். பேதும் அங்கிருந்து சைக்கிளில் போகும் தூரம். மறுநாள் நான் போனேன். ஊர் எல்லையில் சைக்கிளை நிறுத்தி, எதிர்காற்றில் கொஞ்ச நேரம் அந்தப் புல்வெளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன்.

ஈசார்க்கரை

கோட்டுக்குள் ராபன் சட்டையை மறைத்த அந்தச் சிறுவனுக்கு இப்போது இருபது வயதைத் தாண்டியிருக்கும்.