ஆப்டிகல் ஃபைபரில் நாடித்துடிப்பு: கை அசைந்தால் சிக்னல் கலைகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரையில் இறுதியாண்டு இ.சி.இ. படிக்கிறேன். மணிக்கட்டு நாடியை ஆப்டிகல் ஃபைபர் (ஒளியை உள்ளே கடத்தும் மெல்லிய இழை) வைத்து அளப்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் போல உடம்புக்குள் ஒளியைச் செலுத்துவது இல்லை, 1 மி.மீ. பிளாஸ்டிக் ஃபைபரைப் பல் வைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே கொடுத்து மணிக்கட்டில் கட்டுகிறோம், நாடி துடிக்கும்போது ஃபைபர் லேசாக வளைந்து ஒளி கொஞ்சம் வெளியே கசியும், அந்தக் குறைவை மறுமுனையில் போட்டோடயோடு (ஒளியை மின் சிக்னலாக மாற்றும் சென்சார்) படிக்கிறது. ஃபைபரில் மின்சாரம் ஓடாது, காந்தப்புலமும் அதை ஒன்றும் செய்யாது என்பதால் எம்.ஆர்.ஐ. அறைக்குள்ளும் இந்த முறை உதவும். அதனாலேயே இதை விட மனசு வரவில்லை.

அசையாமல் உட்கார்ந்தால் அலை அழகாக வருகிறது, நிமிடத்துக்கு 72, கையால் எண்ணியதும் அதேதான். ஆனால் விரலை மடக்கினாலே எல்லாம் கலைந்துவிடுகிறது. 0.5 முதல் 5 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் ஃபில்டர் போட்டோம். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் போனது, கை அசைவு போகவில்லை, அதுவும் அதே அலைவரிசையில்தானே வருகிறது.

நாடி இல்லாத பக்கம் இன்னொரு ஃபைபர் வைத்து, அதன் சிக்னலைக் கழித்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பட்டையை எவ்வளவு இறுக்குவது என்பதும் பிடிபடவில்லை, தளர்ந்தால் சிக்னல் இல்லை, இறுக்கினால் நாடியே அமுங்கிவிடுகிறது.

அப்புறம், டவுன்ஹால் ரோட்டில் நான் விசாரித்த கடைகளில் இன்டர்நெட்டுக்குப் போடும் கண்ணாடி ஃபைபர்தான் கிடைத்தது. பிளாஸ்டிக் ஃபைபரை மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள், கையில் அரை மீட்டர்தான் மிச்சம்.