கொரிய ‘ல்க்கெயோ’: எதிர்கால விகுதியா, ஏற்பு விகுதியா?

வணக்கம். கொரிய வினையோடு ஒட்டும் ஒட்டுகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நாம் தயாரிக்கும் பட்டியலுக்கு வந்த கருத்து ஒன்று:

> ‘கெஸ்’, ‘ல்க்கொயெயோ’, ‘ல்க்கெயோ’ மூன்றையும் எதிர்கால விகுதி 1, 2, 3 என்று எண்ணிட்டுவிடலாம். படிப்பவர்களுக்கு எளிது.

எளிது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொரிய மொழி படிப்பவர்களுக்காகப் போன ஆண்டு நான் எழுதிய பாடக்குறிப்பில் இதே முறையைத்தான் வைத்தேன். அதைப் படித்த மாணவி ஒருவர் ‘நாளைக்கு மழை வரும்’ என்பதை ‘நேயில் பீகா ஒல்க்கெயோ’ என்று எழுதிக்கொண்டு வந்தார். என் குறிப்பின்படி அதில் தவறே கிடையாது. கொரியர் காதிலோ அது மழையே பேசி ‘நாளைக்கு நான் வந்துடறேன்’ என்று சொல்வதுபோல விழும். ‘ஒல்க்கொயெயோ’ என்று இருக்க வேண்டும். அந்தப் பிழைக்குக் காரணம் நான் கொடுத்த பெயர்.

‘ல்க்கெயோ’ எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். கனமான பெட்டியைத் தூக்க ஒருவர் குனிகிறார். பக்கத்தில் நிற்பவர் ‘ஜெகா ஹல்க்கெயோ’ என்கிறார்: ‘விடுங்க, நான் பாத்துக்கறேன்.’ அலுவலகத்திலிருந்து முதலில் கிளம்புபவர் ‘மொன்ஜொ கல்க்கெயோ’ என்பார்: ‘நான் கிளம்பறேன்.’ பேச நேரமில்லாதவர் ‘ஜொன்ஹ்வா ஹல்க்கெயோ’ என்று சொல்லிப் போனை வைப்பார்: ‘நானே கூப்பிடறேன்.’ மூன்றுக்கும் தமிழில் நிகழ்கால வினைதான் தானாக வந்து விழுகிறது. எதிர்காலம் காட்டும் பகர வகர இடைநிலையைத் தேடவே தோன்றுவதில்லை. மூன்றிலும் எதிரே ஒருவர் இருக்கிறார், அவருக்காகவோ அவர் முன்னிலையிலோ பேசுபவர் ஒன்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். இந்த விகுதி தன்மைக்கே உரியது, வினாவாக வராது என்பதற்கும் காரணம் இதுவே. ‘அடுத்த வருஷம் சியோலுக்குப் போவேன்’ என்று பொதுவாகத் திட்டம் சொன்னால் ‘கல்க்கொயெயோ’.

(முடிதிருத்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் ‘இப்படிப் படுத்துக்கோங்க’ என்று பணிவாகச் சொல்ல இந்த விகுதியையே மரியாதை ஒட்டோடு முன்னிலைக்குப் பயன்படுத்துகிறார்கள். மொழியறிஞர்கள் அதைப் பிழை என்கிறார்கள். குறிப்பில் ஒரு வரி போதும்.)

‘வாக்குறுதி விகுதி’ என்று முன்மொழிந்தவரை முதலில் நானும் ஆதரித்தேன். ஆனால் ‘கிளம்பறேன்’ என்பதை யாரும் வாக்குறுதி என்பதில்லை. சத்தியம் செய்யும் கனம் அந்தச் சொல்லில் இருக்கிறது. ‘ஏற்பு விகுதி’ என்று வைத்தால் பெட்டியைத் தூக்குவதும் பொருந்தும், விடைபெறுவதும் பொருந்தும்.

எழுத்துப்பெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். 1988-இல் அறிவிக்கப்பட்ட ஹங்குல் (கொரிய எழுத்து) விதிகள்படி இந்த விகுதியை ஒற்றைக் ககரத்தோடுதான் எழுத வேண்டும். ஒலிப்பது இரட்டித்த ககரம்போல. நாம் ஒலியையே பின்பற்றுவோம்.

‘கெஸ்’ஸை விகுதி என்பதே சரியில்லை. கொரிய இலக்கணத்தார் அதை ‘இறுதி ஒட்டுக்கு முன் நிற்கும் ஒட்டு’ என்கிறார்கள். பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் நிற்பதற்கு நம்மிடம் ‘இடைநிலை’ என்ற சொல் காலங்காலமாக இருக்கிறது. உறுத்துவது ‘எதிர்கால’ என்ற அடை. வானிலை அறிவிப்பில் ‘பீகா ஓகெஸ்ஸும்னிதா’ என்றால் மழை வரும், சரி. ‘அல்கெஸ்ஸும்னிதா’ என்றால் ‘சரிங்க, புரியுது’. ‘மோருகெஸ்ஸொயோ’ என்றால் ‘தெரியலைங்க’. இவற்றில் எதிர்காலம் எங்கே? ஆவி பறக்கும் சட்டியைப் பார்த்ததும் ‘மஷித்கெத்தா’ என்கிறார்கள்: ‘நல்லா இருக்கும் போல.’ இறந்தகால இடைநிலைக்குப் பின்னாலும் இது ஒட்டும். ‘ஹிம்துரொத்கெத்தா’: ‘ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்.’ நம் ‘இருந்திருக்கும்’ எதிர்கால வடிவில் நின்றுகொண்டு நடந்து முடிந்ததை ஊகிக்கிறதே, அதே வேலை. பேசுபவர் தன்னைப் பற்றிச் சொன்னால் மன உறுதி, பிறரைப் பற்றிச் சொன்னால் ஊகம், எதிரில் இருப்பவரிடம் கேட்டால் அவர் விருப்பம். மூன்றும் உள்ளத்தின் நிலைகள்.

அதனால் ‘உளக்கோள் இடைநிலை’ என்று முன்வைக்கிறேன்.

> ‘கோள்’ என்றால் கோள்மூட்டுவதுதான் நினைவுக்கு வரும்.

தனியே நின்றால் வரலாம். வியங்கோளிலும் மேற்கோளிலும் குறிக்கோளிலும் யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை. உள்ளம் கொள்வது உளக்கோள். ‘வியங்கோள்’ படித்தவருக்கு விளக்கமே தேவைப்படாது. காலமும் மனமும் ஒரே சொல்லில் கலப்பது நம் இலக்கணத்துக்குப் புதிதும் இல்லை. ‘தில்’ என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் விழைவு (விருப்பம்), காலம், ஒழியிசை (சொல்லாமல் விட்டதை உணர்த்துவது) என மூன்று பொருள் சொல்கிறது. அந்த ‘விழைவு’ என்ற சொல்லையே ‘ல்லெயோ’ என்ற இன்னொரு விகுதிக்கு எடுத்துக்கொள்ளலாம். ‘கோஃபி மஷில்லெயோ?’ என்றால் ‘காபி குடிக்கிறீங்களா?’; கேட்பது விருப்பத்தைத்தான்.

திட்டம் சொல்லும் தொடர்களுக்குத் தனிப்பெயர் வேண்டாம், நேரான தமிழ் வழக்கைக் கொடுத்தாலே போதும் என்பது என் எண்ணம். ‘கல்க்கா ஹெயோ’வுக்குப் ‘போகலாம்னு இருக்கேன்’. இன்னும் முடிவாகவில்லை என்ற அந்தத் தயக்கம்கூட அப்படியே வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ‘கர்யொகோ ஹெயோ’வுக்குப் ‘போக நினைக்கிறேன்’. ‘ககிரோ ஹெஸ்ஸொயோ’வுக்குப் ‘போறதுன்னு முடிவு பண்ணியாச்சு’.

மிச்சம் இருப்பது ‘ல்க்கொயெயோ’. பிரித்தால் எதிர்காலப் பெயரெச்சம், ‘அது’ என்ற பொருளில் ஒரு பெயர், ‘ஆகும்’ என்ற முடிபு. சொல்லுக்குச் சொல் ‘போவதாகும்’. படர்க்கையில் இதுவும் ஊகத்துக்கு வருகிறது. ஆனால் ‘கெஸ்’ கண்ணெதிரே கண்டதை வைத்து ஊகிக்கும், இது முன்பே தெரிந்ததை வைத்து ஊகிக்கும். ‘பெயரெச்ச எதிர்காலம்’ என்று அமைப்பை வைத்துப் பெயரிடலாமா, அல்லது இதையும் உளக்கோளில் சேர்க்கலாமா? முதலாவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன் எழுதுங்கள்.